நோய் மீனிலா, நீரிலா?

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டப் பாடசாலை ஒன்றில், எட்டாந் தரத்து மாணவரும் நாமும் ஒரு கண்ணாடித் தொட்டியிற் கப்பி மீன்களை வளர்த்து வந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை மீன்கள் யாவும் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடித் தவித்தன. "சேர், மீனுக்கு வருத்தம், மருந்து வாங்குவோம்" என்றான் ஒரு மாணவன். நாமும் அவ்வாறே எண்ணினோம். கடையில் விற்கும் நீல மருந்தை அளந்து ஊற்றினோம். மறுநாள் நான்கு மீன்கள் செத்து மிதந்தன.

அதன் பின்னரே உண்மை புலப்பட்டது. முந்திய வெள்ளிக்கிழமை, தொட்டியைத் துப்புரவு செய்வதாக நினைத்து, நீர் முழுவதையும் கொட்டி, அடியிற் கிடந்த மணலையும் தேய்த்துக் கழுவியிருந்தோம். மீனின் கழிவிலும் எஞ்சிய தீனியிலுமிருந்து அமோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. மணலிற் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிர்களை நாமே கழுவிக் களைந்துவிட்டு, இரண்டு நாள் விடுமுறைக்கும் சேர்த்துத் தீனியை அள்ளிப் போட்டிருந்தோம். தீனியைக் குறைத்து, நாள்தோறும் காற்பங்கு நீரை மாற்றி வந்தோம், எஞ்சியவை பிழைத்தன.

மீன் வளர்ப்போர் அறிந்த விதி ஒன்றுண்டு. ஒரு மீன் மட்டும் சோர்ந்தால் அம்மீனை ஆராயலாம். எல்லா மீன்களும் ஒருங்கே தவித்தால் முதலில் நீரை ஆராய வேண்டும். மீனின் உடலில் உப்புப் பரல்போலத் தோன்றும் வெண்புள்ளி நோயும் இதையே கூறும். தோலுக்கடியில் இருக்கும்வரை அந்த ஒட்டுண்ணியை மருந்து தீண்டாது. அதன் குஞ்சுகள் நீரில் நீந்தித் திரியும்போதே அதனைக் கொல்ல முடியும்.

இவ்விதி தொட்டியோடு முடிந்துவிடுவதா? துன்புறும் உயிரைப் பார்த்து "உன்னிடம் என்ன குறை?" என்று கேட்கலாம், "உன்னைச் சூழ்ந்திருப்பது எது?" என்றும் கேட்கலாம். முதற் கேள்வி கேட்பவனை விடுவித்துவிடுகிறது. இரண்டாவதோ அவனையும் விசாரணைக்கு இழுக்கிறது. தீனி போட்டது நம் கை அல்லவா?

1916ஆம் ஆண்டில் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். தொழிலாளருக்கு மருந்து கொடுத்தனர், புழு வெளியேறியது. ஆயினும் மலகூடமில்லாத தோட்டத்தின் மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர் உடலில் அது மீண்டும் புகுந்தது. மலகூடம் கட்டும் செலவுக்குத் துரைமார் பலர் தயங்கினர். "அசுத்தமானவர்கள்" என்ற பழியோ தொழிலாளர்மேல் வீழ்ந்தது.

1934இல் பருவமழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டைகளாகித் தேங்கின, நுளம்பு பெருகியது. அடுத்த ஆண்டுவரை நீடித்த மலேரியாவில் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கொடிதாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் நம் கேகாலையும் ஒன்று. நிவாரணத்துக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தாரும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் காய்ச்சலுக்குப் பின்னால் நின்ற பட்டினியையும் கண்டனர். கொயினா மட்டும் போதாது, உணவும் வேண்டுமென உணர்ந்தனர்.

2016ஆம் ஆண்டின் அரசாங்க ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். ஒரு குழந்தை வளராவிடின் அதன் தாயை வினவலாம். மூன்றில் ஒன்று வளராவிடின் எந்தத் தாயை வினவுவது?

"எல்லாப் பழியையும் நீரின்மேற் போட்டால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?" என நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளத்தைக் குடித்தழிக்கும் தகப்பனை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் மீனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மீன் தன் நீரை மாற்ற முடியாது. வெளியிலிருந்து வரும் கைக்காகக் காத்திருக்கும். மனிதர் ஒன்றுகூடித் தம் நீரைத் தாமே மாற்ற வல்லவர். அவர்தம் முதற் பொறுப்பும் அதுவே. கெட்ட நீரைப் பொறுத்துக்கொள்வதை நற்பண்பு என்று போதிப்பது கல்வியாகாது.

சென்ற மாதம் ஒரு பையன் நான்கு நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. "சோம்பேறி" என்ற சொல் நம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அன்று மருந்து வாங்குவோம் என்ற அதே மாணவன் எழுந்து, "சேர், முதலில் அவன் லயத்துக்குப் போய்ப் பார்ப்போம்" என்றான். போனோம். தாய் பால் வெட்டப் போயிருந்தாள். ஒழுகும் கூரையின் கீழ், காய்ச்சலில் கிடந்த தங்கைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான் பையன்.

நீரைப் பார்க்க அவர்கள் கற்றுவிட்டனர். அதை மாற்றக் கற்பிப்பது இனி நம் கடன்.