161 மீட்டர்

ஓரிகன் மாநிலம். போர்ட்லாந்துக்குத் தெற்கே ஒரு காடு. மழை விட்டிருக்கிறது. டக்ளஸ் ஃபிர் மரங்கள் இன்னும் சொட்டுகின்றன.

கையில் ஜிபிஎஸ் கருவி. நோட்டு. பென்சில். பையில் மூடி இறுகிய சில டப்பாக்கள்.

*

ஒளித்து வைக்க இடம் பார்க்கிறேன்.

ஜியோகேச்சிங் என்ற தேடல் விளையாட்டில் மல்டி கேச் என்று ஒரு வகை. முதல் இடத்தில் அடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கும். அங்கே போனால் அதற்கடுத்ததன் எண்கள். கடைசி இடத்தில் ஒரு பெட்டி. அதற்குள், தேடி வந்தவர் பெயர் எழுத ஒரு சின்னக் குறிப்பேடு.

நடுவில் உள்ள டப்பாக்களில் ஒரு துண்டுச் சீட்டு. வேறொன்றுமில்லை.

*

கருவி அலைகிறது. 9 மீட்டர் பிசகு என்கிறது. 6. மறுபடி 8.

நிற்கிறேன்.

20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள். இருக்கும் இடம் தெரியக் குறைந்தது நான்கு வேண்டும். இடையில் ஈரக் கிளைகள். ஒரு சமிக்ஞை அடிமரத்தில் பட்டுத் தெறித்து, சற்றே தாமதமாக வந்து சேர்கிறது. அந்தத் தாமதம் திரையில் தூரமாகிறது.

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

5.

எழுதிக்கொள்கிறேன்.

*

எண்ணின் கடைசி இலக்கம்.

பாகை. அதற்குள் நிமிடம். நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வடக்கு தெற்காக அது 1.85 மீட்டர். இந்த அட்சரேகையில் கிழக்கு மேற்காக 1.3 மீட்டர்.

ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அளவு. அதற்கும் கீழே இந்த எண்கள் பேசுவதில்லை. மிச்சத்தைக் கண்கள் தேட வேண்டும்.

*

வேறொரு நாள் மறுபடி எடுக்க வேண்டும். வேறு பக்கத்திலிருந்து நடந்து வந்து. செயற்கைக்கோள்கள் வேறு இடங்களில் இருக்கும்போது. பிறகு சராசரி.

இடம் அதேதான். ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் மாறுகிறது.

*

2000ஆம் ஆண்டு மே மாதம்வரை இப்படித் தேட முடியாது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிசகு கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீட்டர்வரை தள்ளித் தெரியும். மே 1 அன்று அதிபர் கிளிண்டன் அறிவிக்கிறார். அன்று நள்ளிரவோடு கலங்கல் நீங்குகிறது.

மே 3. இதே மாநிலத்தில், பீவர்கிரீக் அருகே, டேவ் உல்மர் என்பவர் இந்த விளையாட்டின் முதல் பெட்டியாக ஒரு கறுப்பு வாளியை வைக்கிறார். உள்ளே புத்தகம், வீடியோ, கவண், ஒரு பீன்ஸ் டின். ஒரு குறிப்பேடு. ஒரு பென்சில்.

வடக்கு 45° 17.460. மேற்கு 122° 24.800.

வடக்கின் இலக்கங்களைக் கூட்டினால் 27. மேற்கின் இலக்கங்களைக் கூட்டினால் 19. கணக்குப் போட்டு அடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டங்களில் இப்படி ஒரு கூட்டுத்தொகையைத் தருவதுண்டு. தப்பான மலைச்சரிவில் யாரும் ஏறிவிடாமல் இருக்க.

*

அந்த வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது.

இப்போதைய விதியில், நிலத்துக்குரியவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மண்ணைத் தோண்டக் கூடாது. மரத்தில் ஆணி கூடாது. திருகு கூடாது. பெட்டிக்குள் உணவு கூடாது. மோப்பம் பிடித்து விலங்குகள் வரும்.

ஏற்கெனவே உள்ள பொந்து. ஏற்கெனவே விழுந்த கிளை. அங்கே ஏற்கெனவே இருக்கும் இருட்டு.

அதற்குள் ஒரு டப்பா போகுமா என்று பார்க்கிறேன்.

*

விழுந்து கிடக்கும் ஒரு மரம். முதுகெல்லாம் பாசி. பாசியில் ஹெம்லாக் கன்றுகள் வேர்விட்டிருக்கின்றன, விரல் உயரத்துக்கு.

பக்கத்தில் பெரணி. இலையைத் திருப்பினால் பழுப்புப் புள்ளிகள். நடு நரம்பின் இருபுறமும் வரிசை பிசகாமல்.

விடுகிறேன். இலை தானாகத் திரும்பிக்கொள்கிறது.

மரத்தின் அடியில் நல்ல பொந்து. முழங்கைவரை போகிறது. உள்ளே குளிர்ச்சி. உளுத்த மரத்தின் ஈரத்தூள் விரலில் ஒட்டுகிறது.

தேடுகிறவர்கள் இந்தப் பக்கமாக வருவார்கள். இங்கே கால் வைப்பார்கள். கன்றுகளின் மேல்.

கையை எடுத்துக்கொள்கிறேன்.

*

விதி சொல்லும் தூரம் 161 மீட்டர். மைலில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கேச்சின் டப்பாவுக்கும் இன்னொரு கேச்சின் டப்பாவுக்கும் நடுவே அவ்வளவு வெற்றிடமாவது வேண்டும். நடுக்கட்டமானாலும் சரி, கடைசிப் பெட்டியானாலும் சரி.

ஒரே மல்டியின் கட்டங்களுக்குள் அந்த விதி இல்லை. கைக்கெட்டும் தூரத்தில்கூட அடுத்ததை வைத்துவிடலாம்.

*

161 மீட்டர் நடந்து பார்க்கிறேன்.

முதலில் ஓடையின் சத்தம். பிறகு அது தேய்கிறது. பாதை வளைகிறது. மஞ்சள் நத்தை ஒன்று, ஓடில்லாதது, பாதையைக் கடந்துகொண்டிருக்கிறது. எங்கோ மரங்கொத்தி. நிற்கிறது. மறுபடி கொத்துகிறது.

அடுத்து என்ன என்ற நினைப்பு வருகிறது. போகிறது.

இவ்வளவு தூரத்தில் முதல் கட்டம் மனதிலிருந்து நழுவிவிடுகிறது.

*

டப்பாவே இல்லாத கட்டங்களும் உண்டு.

மரப்பாலம். கைப்பிடியில் ஒரு தகடு. தகட்டில் ஆண்டு, 1938. கடைசி இலக்கத்தை எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணில் பொருத்த வேண்டும். இங்கே யாரும் எதையும் வைக்கவில்லை. எடுக்கவும் எதுவுமில்லை. 161 மீட்டர் விதி இதைத் தொடுவதில்லை.

தகட்டை விரலால் தடவுகிறேன். 8இன் மேல்வட்டத்தில் பச்சைக் களிம்பு. கீழ்வட்டம் தேய்ந்து வழவழப்பு. யார் யாருடைய கையெல்லாமோ.

*

எண்களைத் தராமல் திசையும் தூரமும் மட்டும் தருவது ஒரு வகை.

இந்தக் கல்லிலிருந்து 130 பாகை. 85 மீட்டர்.

திசைகாட்டியின் முள் ஆடி அடங்கக் காத்திருக்க வேண்டும். ஒரு பாகை பிசகினால் அந்த முனையில் ஒன்றரை மீட்டர் விலகும்.

முள் அடங்குகிறது. அதுவரை கையும் அசைவதில்லை.

*

குறிப்பு ஒன்று எழுத வேண்டும், திணறுகிறவர்களுக்காக. அதை நேராகத் தருவதில்லை. ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி மாற்றித் தருவார்கள். இன்னொரு 13 தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும்.

வேண்டாதவர் கண்ணில் அது வெறும் எழுத்துக் குவியல்.

என்ன எழுதலாம். ‘தாழ்வாக.’ போதும் போலிருக்கிறது.

*

பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி. எங்கே, எத்தனை, என்ன டப்பா, எவ்வளவு காலம். வரைபடத்தில் பென்சிலால் புள்ளிகள்.

புள்ளிகளை இணைத்து ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஓடையின் கரை வருகிறது. கரை மண் இளகியது.

அழித்துவிட்டு வேறு கோடு.

*

கட்டங்கள் கூடக்கூட வருகிறவர்கள் குறைவார்கள். நடை நீளும். கால்தடம் குறையும்.

ஒரு டப்பா தொலைந்தாலும் அதற்குப் பிந்தையவை எல்லாம் இருந்தும் இல்லாதவைதான். கடைசிப் பெட்டி அங்கேயே இருக்கும், உலர்ந்து, மூடியபடி. அதை அடையும் எண்கள் மட்டும் இருக்காது.

வைத்தவர் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். மழைக்குப் பின். பனிக்குப் பின். சீட்டை மாற்ற. மூடியின் ரப்பரைத் துடைக்க.

அந்த வருகைகளை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன். நன்றாயிருக்கிறது.

*

எல்லாக் கட்டங்களின் எண்களையும் எழுதி அனுப்புகிறேன். பரிசீலிப்பவர் ஒரு தன்னார்வலர். தேடுகிறவர்களுக்கு வரைபடத்தில் முதல் கட்டம் மட்டும் தெரியும். எல்லாருடைய எல்லாக் கட்டங்களும் அவர் பார்வையில் இருக்கும்.

பதில் வருகிறது. மூன்றாவது கட்டத்துக்குக் கிழக்கே, 140 மீட்டரில், இன்னொருவருடைய டப்பா.

யாருடையது, எந்தக் கேச்சில் எத்தனையாவது கட்டம், அது பதிலில் இல்லை.

அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன். எதுவும் கண்ணில் படவில்லை.

*

நேர் மேற்கே 21 மீட்டர் நகர்த்தினால் சரியாகிவிடும். மேற்கே ஓடைக்கரை.

தென்மேற்கே என்றால் 28 மீட்டர். அங்கே பாதையில்லை. இப்போதைக்கு யாரும் நடக்காத இடம்.

இல்லையென்றால் அந்தக் கட்டத்துக்கு டப்பா வேண்டாம். தூரக் கணக்கும் அதோடு போய்விடும். எண்ணிப் பார்க்கத் தக்கதாக அங்கே ஏதாவது நிலையாக இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.