படத்தில் இல்லாதவன்

என்னிடம் ஒரு நல்ல புகைப்படம் இருக்கிறது. வக்காவின் கூடு, வாய் பிளந்த இரண்டு குஞ்சுகள், மூன்றாவதன் கழுத்து அண்டங்காக்கையின் அலகில். ஒளி சரியாக விழுந்திருக்கிறது. பார்த்த நண்பர்கள் இயற்கையின் குரூரம் அப்பட்டமாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரகடத்தில் வங்கி குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, படாளம் வழியாக மோட்டார் சைக்கிளில் வேடந்தாங்கல் போவதுண்டு. 30 ஹெக்டேர் ஏரி. மாசியில் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கொக்கு என்று கிளை தெரியாமல் கூடுகள். மஞ்சள்மூக்கு நாரை உச்சிவெயிலில் இறக்கைகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நிற்கும். அது எழுந்து போய்விட்டால் வெயில் ஒன்றே போதும் என்பதை, அந்த நிழலைப் பார்த்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆனால் அங்கே பார்வையாளனின் இடம் கரை. என் லென்ஸில் நாரை கட்டைவிரல் அளவுக்குமேல் வளர மறுத்தது. ஆகவே ஒரு நாள், சிப்காட் மதில்களுக்குப் பின்னால் இருக்கும் வேறோர் ஏரிக்குப் போனேன். நான்கு கருவேல மரங்கள், தொடையளவு தண்ணீர், காவல் யாருமில்லை. பதினைந்தடி நெருங்கியதும் வக்கா எழுந்து போயிற்று. அது திரும்புவதற்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன். நான் நின்றதனால்தான் அது திரும்பவில்லை. காக்கைக்கு அந்தத் தயக்கம் கிடையாது. மனிதன் நிற்கும் இடம் அதற்குப் பழகிய இடம். அது கூட்டில் இறங்கியபோது கையைத் தட்டியிருக்கலாம். கை காமிராவில் இருந்தது.

1790ல் வெளிவந்த நூலில் காண்ட், அழகைப் பார்ப்பதன் அடையாளமாகப் பற்றின்மையைச் சொன்னார்: பொருளை அடையவோ உபயோகிக்கவோ விரும்பாத பார்வை. பி.ஏ. பரீட்சைக்காகப் படித்தது, பிறகு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. நம் சிறுபத்திரிகை வட்டமும் இதை உயர்ந்த ஸ்தானத்தில்தான் வைத்திருக்கிறது. அதே பத்தாண்டின் முடிவில் வேடந்தாங்கல்காரர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாகச் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, சுடலாகாது என்று கௌல் எழுதி வாங்கினார்கள். 1858ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். அவர்கள் பார்வையில் பற்று இருந்தது. எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரம். உரம் வேண்டியவன் விலகி நின்றான். ஒன்றும் வேண்டாதவன் பதினைந்தடிக்குப் போனான்.

இதை லாபக் கணக்கின் மேன்மை என்று படித்துவிடக் கூடாது. உரம் மூட்டையில் கிடைக்க ஆரம்பித்த பின்னும் அந்த ஊர் பறவைகளைக் கைவிடவில்லை. விஷயம் வேறு. மரம் காலியானால் தன் வயல் என்னவாகும் என்று தெரிந்தவன், தான் பார்க்கும் காட்சிக்குள்ளேயே இருக்கிறான். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்பதும் பொய், படம் வேண்டியிருந்தது. அந்தத் தேவையைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ளும் வசதிக்குத்தான் பற்றின்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

(இங்கிலாந்தில் கீர்ட்டன் சகோதரர்கள் பறவைகளைப் படமெடுக்க, உள்ளீடற்ற பொய் எருது ஒன்றைச் செய்து அதற்குள் ஒளிந்திருந்தார்கள். நமது 'ஆசிரியன் தெரியாத' கதைகளைப் படிக்கும்போது எனக்கு அந்த எருது ஞாபகம் வருகிறது.)

போன வருஷம் கடன் கேட்டு வந்த ஓர் ஒடிஷாக்காரத் தொழிலாளியின் முகத்தைக் கவிதையாக்கினேன். பாராட்டினார்கள். அவருடைய மனு என் மேஜையில் ஆறு வாரம் கிடந்தது கவிதையில் இல்லை.

படத்தில் பொய் எதுவுமில்லை என்று வாதிக்கலாம். குஞ்சு உண்மை, காக்கை உண்மை. நானும் அப்படித்தான் வாதித்துப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அதே ஏரிக்குப் போனபோது கூட்டில் எதுவும் இல்லை. மற்ற இரண்டும் என்னவாயின என்று அறிய வழியில்லை. மேலே ஏறிப் பார்க்கவும் தோன்றவில்லை.

இந்த இதழின் அட்டைக்கு அந்தப் படத்தைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அழிக்கவும் இல்லை.