சுரங்கத்துக்குள் ஒரு தும்மல்

கொள்ளைக்காரனுக்கு ஜலதோஷம். கையில் இயந்திரத் துப்பாக்கி, முகத்தில் ஒட்டுமீசை, மூக்குக் கண்ணாடி, தலையில் தொப்பி என்று எல்லா ஏற்பாடும் பக்கா. மூக்கு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நியூயார்க் நகரத்தின் நிலத்தடியில் ஒரு ரயில் பெட்டியை மடக்கி, பதினெட்டுப் பேரைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கும்போதும் தும்மிக்கொண்டே இருக்கிறான். 1974இல் ஜோசஃப் சார்ஜென்ட் இயக்கி வெளிவந்த ‘தி டேக்கிங் ஆஃப் பெல்லம் ஒன் டூ த்ரீ’ படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தும்மலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

ஜான் கோடி எழுதிய நாவல்தான் படமானது. பெல்லம் பே பார்க் நிலையத்திலிருந்து பகல் 1.23க்குக் கிளம்பும் ரயில் என்பதால் அந்தப் பெயர். நான்கு பேர் அதில் ஏறி, முதல் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு போய்ச் சுரங்கத்தின் நடுவில் நிறுத்துகிறார்கள். பத்து லட்சம் டாலர் வேண்டும். ஒரு மணி நேரம் கெடு. அது தாண்டினால் நிமிடத்துக்கு ஓர் உயிர். ராபர்ட் ஷா அந்தக் கூட்டத்தின் தலைவன். குறுக்கெழுத்துப் புதிர் போட்டபடி காத்திருக்கும் மனிதன். மேலே, கட்டுப்பாட்டு அறையில், ரயில் போலீஸ் அதிகாரி கார்பராக வால்டர் மாத்தாவ். படத்தின் பெரும்பகுதிக்கு இவர்களுக்கு நடுவே இருப்பது ஒரு மைக்கும் ஓர் ஒலிபெருக்கியும்தான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

கொள்ளையர்கள் தங்களுக்குள் நிறங்களைப் பெயராக வைத்துக்கொள்கிறார்கள்: நீலம், பச்சை, சாம்பல், பழுப்பு. பிற்பாடு 1992இல் இயக்குநர் டாரன்டினோவும் தன் முதல் படத்தின் திருடர்களுக்கு இப்படித்தான் நிறப் பெயர் வைத்தார். அதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறைத்தது வேறொன்று. பயணிகளுக்கும் பெயர் கிடையாது. நடிகர் பட்டியலில்கூட அவர்கள் தாய், முதியவர், செயலாளர், ஹிப்பி என்றுதான் வருகிறார்கள். குடித்துவிட்டுத் தூங்கும் ஒரு பெண், இத்தனை அமளியிலும் கடைசிவரை கண் விழிப்பதே இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரை நாம் எப்படி அறிவோமோ அந்த அளவுக்குத்தான் இவர்களையும் அறிகிறோம். ஒரு சட்டை, ஒரு பை, ஒரு முகச்சுளிப்பு.

பெயர் இல்லாத மனிதனை எண்ணாக்குவது சுலபம். அன்றைய டிக்கெட் 35 சென்ட். பத்து லட்சத்தைப் பதினெட்டால் வகுத்தால் தலைக்கு ஐம்பத்தைந்தாயிரம் டாலர் சொச்சம். மேயரோ காய்ச்சலில் படுத்துக்கிடக்கிறார், கஜானா காலி. படம் வந்த மறு வருஷம், 1975இல், அந்த நகரம் உண்மையிலேயே திவாலாகும் விளிம்புக்குப் போனது. பணத்தைக் கொடுத்தால் பதினெட்டு ஓட்டு உறுதி என்ற கணக்கும் அந்தப் படுக்கையறையில் பேசப்படுகிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் நிமிடத்துக்கு ஒன்று என்று எண்ணுகிறான், நாற்காலியில் இருப்பவர் ஓட்டுக்கு ஒன்று என்று எண்ணுகிறார். சுரங்கத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே இருட்டுதான்.

இந்த எண்ணிக்கைக்குள் அகப்படாத ஒன்றும் படத்தில் இருக்கிறது. அந்த ரயிலை ஓட்டும் கைப்பிடியை ‘செத்தவன் கைப்பிடி’ என்றே சொல்வார்கள். ஓட்டுநர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாரடைப்பு வந்தோ மயங்கியோ கை நழுவினால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நின்றுவிடும். அந்த ஜலதோஷக்காரன் வேலையிழந்த முன்னாள் ஓட்டுநர் என்பதால், அதை ஏமாற்றும் வழி கொள்ளையருக்குத் தெரிந்திருக்கிறது. தாங்கள் இறங்கிக்கொண்டு, ஓட்ட ஆளில்லாத பெட்டியைப் பயணிகளோடு ஓடவிடுகிறார்கள். ஓட்டுநர் இல்லாமல் வண்டி நகராது, ஆகவே கொள்ளையரும் உள்ளேதான் இருப்பார்கள் என்று நம்பி, போலீஸ் தரையின் மேலே அதைத் துரத்துகிறது. உள்ளே கண்ணாடிக்கு வெளியே விளக்குகள் கோடாகின்றன. பயணிகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் சவுத் ஃபெரி நிலைய வளைவில் தானியங்கிப் பாதுகாப்பு விழித்துக்கொண்டு பெட்டியை நிறுத்துகிறது.

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். நிறுத்தியது இரும்பு என்று விட்டுவிட மனம் வரவில்லை. என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, தான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஓர் ஓட்டுநரின் சாவையும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரையும் யோசித்திருக்கிறார். முதல் காவல் ஏமாந்தால் இரண்டாவது இருக்கட்டும் என்று வேறொருவர் யோசித்திருக்கிறார். பெயர் தெரியாதவர்களுக்காகப் பெயர் தெரியாதவர்கள் பட்ட கவலை அது. நாம் காலையில் ஏறி மாலையில் வீடு திரும்புவது அந்தக் கவலையின் மேல் உட்கார்ந்துதான்.

கார்பரும் அந்த ஜாதிதான். சாகசக்காரர் இல்லை, முகமெல்லாம் மடிப்பும் அலுப்புமாக இருக்கும் அரசாங்க ஊழியர். பணம் கொண்டுவரும் போலீஸ் கார் வழியில் கவிழ்ந்து, கெடு முடிகிற நொடியில், பணம் நிலையத்துக்கு வந்துவிட்டது என்று கூசாமல் பொய் சொல்லி நிமிடங்களைச் சம்பாதிக்கிறார். பதினெட்டுப் பேரில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது. ஒலிபெருக்கியில் தும்மல் கேட்கும்போது அமெரிக்க வழக்கப்படி ஆரோக்கியம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் ஒன்றைச் சொல்கிறார். துப்பாக்கிக்காரனுக்கு! அதில் தந்திரம் ஏதும் இல்லை. யார் தும்மினாலும் வரும் சொல் அது.

நம் வீடுகளில் குழந்தை தும்மினால் பாட்டி ‘தீர்க்காயுசு’ என்பாள். கையில் வேலை இருக்கும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வாய் சொல்லிவிடும். ஊடி நிற்கிற காதலி வாழ்த்தியாவது வாய் திறப்பாள் என்று காதலன் தும்மிப் பார்ப்பதைக் குறள் பாடியிருக்கிறது. கோபத்தையும் மீறி வருகிற வாழ்த்து என்று வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு பழைய பழக்கம்! முன்னால் இருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று விசாரித்து அது வருவதில்லை. அவனுக்கும் ஓர் உடம்பு இருக்கிறது, அது நோகும், அது நீடிக்க வேண்டும் என்ற நினைப்பு புத்திக்கு முன்னால் வாய்க்கு வந்துவிடுகிறது. ஒரு நகரம் நகரமாக இருப்பது இந்த நினைப்பு அதன் வாயில் மிச்சமிருக்கும் வரைதான் என்று நான் நம்புகிறேன்.

தலைவன் நீலத்தின் கதை மின் தண்டவாளத்தில் முடிகிறது. நால்வரில் மிஞ்சுவது ஜலதோஷக்காரன் மட்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓட்டுநர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கார்பரும் சக அதிகாரியும் அவனுடைய சிறிய வீட்டுக்கும் வருகிறார்கள். அவனாக நடிக்கும் மார்ட்டின் பால்சம் என்ன அழகாகக் கோபித்துக்கொள்கிறார்! சாட்சி ஏதும் சிக்கவில்லை. வாரண்டோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு கார்பர் வெளியேறுகிறார். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே ஒரு தும்மல். வெளியிலிருந்து அந்த வாழ்த்து, வழக்கம்போல, தன்னால் வருகிறது.

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு கதவு திறக்கிறது. அந்த மடிப்பு விழுந்த முகம் உள்ளே எட்டிப் பார்க்கிறது.