இரக்கத்தின் இல்லத்திற்குள் சட்டம் நுழையலாமா?

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில், எட்டயபுரத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு வந்தால் எப்போதும்வென்றான் என்னும் ஊர் வரும். பெயரைக் கேட்டுப் புன்னகைக்காத வெளியூரார் இல்லை. ஆனால் அந்தக் கரிசல் வட்டாரத்தில் நான் கண்ட ஒரு வீட்டில், ஒருநாளும் வெல்ல முடியாத ஒருவன் இருந்தான்.

இல்லச் சந்திப்பின்போது அவனைப் பார்த்தேன். வயது இருபத்தாறு, உள்ளமோ நான்கு வயதுக் குழந்தையினுடையது. திண்ணைத் தூணோடு அவனுடைய வலது கணுக்கால் ஒரு பழைய சேலையால் கட்டப்பட்டிருந்தது. தாய் கைம்பெண். மழைக்காலத்தில் உளுந்தங்காட்டுக்குக் களையெடுக்கப் போவார். மற்ற மாதங்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார். கட்டாமல் போனால் அவன் சாலைக்கு ஓடிவிடுவான்; சாலையிலோ லாரிகள் நிற்பதில்லை. சேலையின் நீளம் தண்ணீர்ப் பானை வரைக்கும், வேப்பமர நிழல் வரைக்கும் எட்டும்படி அளந்து வைக்கப்பட்டிருந்தது. கால் புண்ணாகாதிருக்க முடிச்சுக்குள் பஞ்சு வைத்திருந்தார். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் தலைகுனிந்தார். பிறகு கேட்டார்: “நான் இருக்கிற வரைக்கும் கட்டி வச்சாவது காப்பாத்திருவேன் சாமி. எனக்குப் பொறவு இவன யாரு பாப்பா?”

‘ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாம், அம்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த இல்லத்தில்? அங்கே இவன் எப்படி நடத்தப்படுகிறான் என்பதை யார் பார்ப்பார்கள்? அடித்தால் இவன் சொல்லமாட்டான். பட்டினி போட்டாலும் சொல்லமாட்டான். இரக்கத்தின் பெயரால் நடக்கும் இல்லங்களுக்குள் அரசின் சட்டம் நுழையலாமா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் நிர்வாகத்தின் கேள்வியாகவே கேட்கிறோம். அது முதலில் இந்தத் தாயின் கேள்வி.

இந்தக் கரிசல் காட்டிற்குக் கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது ஏர்வாடி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோய் வேறு, மனவளர்ச்சிக் குறை வேறு என்பது உண்மையே. ஆனால் தனக்காகப் பேச இயலாதவன் என்ற நிலையில் இருவரும் ஒருவரே. தர்காவை நாடி நம்பிக்கையோடு வந்த ஏழைக் குடும்பங்கள் அவர்களை அங்கே விட்டுச் சென்றிருந்தன. அதை ‘அவர்கள் ஊர்க் கதை’ என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். நம் கிறித்தவத் திருத்தலங்கள் சிலவற்றிலும் மனநோயாளரைக் கொண்டுவந்து கட்டிவைக்கும் வழக்கம் இருந்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அந்தத் தாயின் சேலையும் ஏர்வாடியின் சங்கிலியும் ஒன்றா? ஒருபோதும் இல்லை. ஆயினும் தீப்பற்றினால் இரண்டும் ஒன்றே. அன்பு இருக்கிறது என்பதற்காகத் தீ சுடாமல் இருப்பதில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளைமுடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்காக இயற்றப்பட்டது. பதினெட்டு வயது கடந்தவருக்கும் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியரும் ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அடங்கிய குழுவை அது ஏற்படுத்தியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பதிவுச் சான்று இல்லாமல் எவரும் இத்தகைய இல்லத்தை நடத்தக் கூடாது என்கிறது. விண்ணப்பத்தின்மீது 90 நாள்களுக்குள் முடிவெடுக்கவேண்டும் என்றும், பதிவை விலக்குமுன் இல்லத்தாரின் விளக்கத்தைக் கேட்கவேண்டும் என்றும் அதே சட்டம் அரசையும் கட்டுப்படுத்துகிறது.

ஆனால் நம் இல்லங்களை நடத்தும் அருட்சகோதரிகளிடம் பேசினால் அவர்கள் மனக்குறையைக் கேட்கலாம். யாரும் தொடாதவரை நாங்கள் தொட்டுக் குளிப்பாட்டினோம். அன்று எட்டிப் பாராத அரசு இன்று வந்து சன்னலின் அகலத்தை அளக்கிறதே! இந்தக் குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் எழுதிய சுற்றுமடல், சிறிய சமூகங்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தது. அந்த அச்சத்துக்கு வரலாறும் சான்று கூறியது. 1939-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் செர்மனியின் பராமரிப்பு இல்லங்களுக்கு அரசிடமிருந்து படிவங்கள் வந்தன. ஒவ்வொருவரின் நோய் என்ன, அவரால் உழைக்க முடியுமா என்று அவை கேட்டன. அந்தப் படிவங்களே கொலைப் பட்டியலாயின. 1941 ஆகஸ்ட் மாதத்திற்குள் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அம்மாதம் 3-ஆம் நாள் மூன்ஸ்டர் மறைமாவட்ட ஆயர் வான் காலன் மறையுரை மேடையிலிருந்து அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அரசு தன் திட்டத்தை நிறுத்துவதாகக் காட்டி, மறைவில் தொடர்ந்தது. ஆகவே அரசின் படிவத்தைக் கண்டு திருச்சபை தயங்குவது பேதைமையன்று. மனிதனின் மதிப்பை அளக்க முற்படும் எந்த அரசையும் எதிர்த்து நிற்பது நம் கடமை.

ஆனால் மனிதனின் மதிப்பை அளப்பது வேறு. அவன் படுத்திருக்கும் அறையின் கதவைப் பார்ப்பது வேறு. இதை நான் கற்றது நூல்களிலிருந்து அன்று. பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இல்லத்தில் ஆன்ம ஆலோசகனாக இருந்தேன். ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி ஒருவர் கணக்கேடுகளைப் புரட்டிவிட்டு, படுக்கையறைக் கதவு அருகே நின்றார். “ஃபாதர், தாழ்ப்பாள் வெளியே இருக்கிறதே, இரவில் யார் திறப்பார்கள்?” என்று கேட்டார். எனக்குச் சினம் வந்தது. நல்ல மனத்தோடு செய்யும் பணியைச் சந்தேகிக்கிறாரே என்று மனம் கொதித்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. காவலாள் இரவு ஒன்பது மணிக்கு வெளிவாசலுக்குப் போய்விடுவார். அந்த அறையில் பதினொரு பிள்ளைகள் உறங்கினார்கள். நான் ஆண்டுக்கணக்கில் அங்கே திருப்பலி நிறைவேற்றியிருக்கிறேன். அந்தத் தாழ்ப்பாளை ஒருநாளும் பார்த்ததில்லை. அடுத்த வாரமே அது அகற்றப்பட்டது. நான் அன்பு செய்தேன், அவர் பார்த்தார். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் தேவையாயிருந்தன.

தூய்மையான நோக்கமே போதும் என்று எண்ணுவோருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஜீன் வனியே 1964-இல் பிரான்சில் தொடங்கிய ‘லார்ஷ்’ சமூகம், மனவளர்ச்சி குன்றியோரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் வாழ்வை உலகுக்குக் காட்டியது. 1970-இல் பெங்களூரில் ஆஷா நிகேதனாக அது நம் நாட்டிலும் வேரூன்றியது. எத்தனையோ தியானங்களில் அவருடைய சொற்களை நானும் எடுத்துரைத்திருக்கிறேன். அவர் 2019-இல் இறந்தார். தம்மிடம் ஆன்ம வழிகாட்டுதல் நாடி வந்த பெண்களை அவர் பாலியல் வழியில் தீங்கிழைத்தார் என்பதை லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை 2020-இல் வெளியிட்டது. 2023-இல் வந்த விரிவான அறிக்கை, பாதிக்கப்பட்டோர் குறைந்தது 25 பேர் என்றது. அவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள் அல்லர். ஆயினும் அதன் பாடம் நமக்கு உரியதே: புனிதர் என்று ஊர் போற்றுகிறவரும் கணக்குக் கொடுக்கவேண்டியவரே. நற்செய்தியில் வரும் தலைவன் தன் வீட்டுப் பொறுப்பாளனிடம் கணக்குக் கேட்டது அவனை அவமதிப்பதற்காக அன்று. அவனிடம் ஒப்படைத்த உடைமை தலைவனுடையது என்பதற்காக. நம் இல்லங்களில் இருப்போர் நம் உடைமையும் அல்லர், நம் புண்ணியத்துக்கான கருவிகளும் அல்லர்.

அப்படியானால் அரசைக் குறைகூறாது பணிந்துவிடலாமா? அதுவும் தகாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பகுதி, பதிவு தேவையில்லை என்று அரசு நடத்தும் இல்லங்களுக்கு விலக்கு அளிக்கிறது! சண்டிகரில் அரசுக் காப்பகம் ஒன்றில் இருந்த மனவளர்ச்சி குன்றிய அநாதைப் பெண் அங்கேயே வன்கொடுமைக்கு உள்ளாகிக் கருவுற்றாள். கருவைக் கலைக்க நிர்வாகம் நீதிமன்றத்தை நாடியது, உயர்நீதிமன்றமும் இசைந்தது. அவளோ குழந்தையைப் பெற்றெடுக்க விரும்பினாள். அவளுடைய விருப்பத்தை மீறக் கூடாது என்று 2009-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவளைக் காக்கத் தவறிய அதே அரசுதான் அவளுக்காக முடிவெடுக்கவும் முன்வந்தது. பிறர் வீட்டைச் சோதிக்கும் கை தன் வீட்டுக் கதவையும் திறந்து காட்டவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் நம் கதவைத் திறந்துவைத்த பிறகே அந்த உரிமை நம் வாயில் உண்மையாய் ஒலிக்கும்.

மாற்கு நற்செய்தியில், கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்த ஒருவனைக் காண்கிறோம். ஊரார் அவனை விலங்கிட்டுப் பார்த்தார்கள். அவன் அவற்றை முறித்தான். ஊரைக் காக்கவே விலங்கு இடப்பட்டது. அவனிடம் வந்து ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்டவர் இயேசு ஒருவரே. நலமடைந்தவன் அவரோடு வர விரும்பினான். அவரோ அவனை அவன் வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார். சட்டம் விலங்கை அகற்றச் சொல்லும். அதைச் சொல்லவே வேண்டும். பெயரைக் கேட்பது சட்டத்தால் ஆகாது. ஏர்வாடித் தீக்குப் பின் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். மூடுவது ஒரு நாள் வேலை. அவர்களை வீட்டில் ஏற்றுக்கொள்வது யாருடைய வேலை? அங்கேதான் பங்கும் அன்பியமும் தொடங்கவேண்டும்.

அந்தத் தாயின் வீட்டிற்குத் திரும்புகிறேன். எங்கள் அன்பியத்துப் பெண்கள் முறைவைத்து அவனோடு அமர்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அவன் கால் கட்டப்படுவதில்லை. காப்பாளர் நியமனத்துக்கான விண்ணப்பத்தில் தாய் கைநாட்டு வைத்திருக்கிறார். அவருடைய தங்கை மகன் பொறுப்பேற்க இசைந்திருக்கிறான். மற்ற நாள்களில் சேலை இன்னும் தூணில் இருக்கிறது. அந்த நான்கு நாள்களின் கணக்கை ஆண்டவர் அந்தத் தாயிடம் கேட்கமாட்டார். என்னிடமும் என் பங்கு மக்களிடமும்தான் கேட்பார்.