வெப்பம் செல்லும் வழியும் பொருளின் அடையாளமும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்படும்போது, அது எதுவரை அதே பொருளாக இருக்கிறது என்னும் கேள்வி மெய்யியலில் மிகப் பழையது. உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி ஏதென்சு நகரத்தார் காத்துவந்த தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்று அக்காலத் தத்துவவாதிகள் வாதிட்டதைப் புளூட்டார்க் பதிவுசெய்திருக்கிறார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால் இரண்டில் எது உண்மைக் கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அக்கேள்வியை மேலும் கூர்மையாக்கினார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரிப்போரிடையே இந்த வாதம் விலையாகவே உருவெடுத்துள்ளது. ஆலையில் பொருத்திய அதே எண்ணுள்ள எஞ்சின் இருந்தால் ஒரு மதிப்பு, இல்லையேல் வேறொரு மதிப்பு. இவ்விடைகள் அனைத்தும் பொருளை அதன் உறுப்புகளில் தேடுகின்றன. உறுப்புகளுக்கு இடையே ஓடும் வழிகளை அவை பார்ப்பதில்லை என்பதை, மாற்றியமைக்கப்பட்ட எஞ்சினைச் சுற்றி ஹீட்டர் குழாய்களைப் பொருத்தும் பணி தெளிவாகக் காட்டுகிறது.

1964 முதல் 1998 வரை உருவான, காற்றால் குளிரும் போர்ஷே 911 கார்களை இங்கு எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரால் குளிரும் கார்களில் எஞ்சினில் சூடேறிய நீரே ஒரு சிறு ரேடியேட்டர் வழியாக உட்புறத்தைச் சூடாக்குகிறது. 911இல் அந்த நீர் இல்லை. காரின் பின்கோடியில் இருக்கும் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றில் ஒரு பங்கு, வளையும் குழாய்கள் வழியே கீழிறங்கி, புகை வெளியேறும் குழாய்களைச் சுற்றித் தகட்டால் அமைந்த உறைகளுக்குள் புகுகிறது. வெப்பப் பரிமாற்றி எனப்படும் இவ்வுறையில் காற்று புகையோடு கலவாமல் அதன் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கதவுகளுக்குக் கீழே உடற்சட்டத்தினுள் ஓடும் குழல்கள் வழியாக முன்னேறி, பயணியின் கால்களையும் முன்கண்ணாடியையும் அடைகிறது. பழைய மாதிரிகளில் ஹேண்ட் பிரேக்கை ஒட்டியுள்ள நெம்புகோல் அந்தக் காற்றின் வழியை மாற்றுகிறது. வெப்பம் வேண்டாதபோதும் காற்று உறைக்குள் சூடேறிக்கொண்டுதான் இருக்கும். அதை உள்ளே அனுப்புவதா, காரின் அடியில் வெளியேற்றுவதா என்பதை மட்டுமே ஒரு சிறு மூடி தீர்மானிக்கிறது.

பழைய பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு உந்துவேலையாக மாறினாலே அரிது. மிஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. அதைக் கழிவு என்று அழைப்பது வழக்கம். ஆனால் தகட்டுறை ஒன்று சூழ்ந்ததும் அதே வெப்பம் உறைந்த விரல்களுக்கு உதவியாகிறது என்றால், கழிவும் பயனும் பொருளின் இயல்புகள் அல்ல, அது எதனோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தவை என்றே கொள்ளவேண்டும்.

எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட விரும்புவோர் பலர் இந்த உறைகளைக் கழற்றிவிட்டுப் பந்தயக் குழாய்களைப் பொருத்துகின்றனர். வேறு சிலர் 1980களின் எஞ்சினுக்கு 1975க்கு முந்தைய வடிவிலான துருப்பிடிக்காத எஃகுப் பரிமாற்றிகளைப் பூட்டுகின்றனர். புகை தடையின்றி வெளியேறினாலும், பிற்கால மாதிரியின் மின்விசிறிக் குழாயும் முற்கால உறையின் வாயும் நேராகச் சந்திப்பதில்லை. எண்ணெய்க் குழாய்களைத் தவிர்த்து, சூடான உலோகத்தைத் தொடாமல் புதிய வழி காணவேண்டும். எஞ்சினைச் சூழ்ந்த தகடுகளில் பயனற்றுப்போன துளைகளை மூடவேண்டும். ஹீட்டரையே நீக்கியவர் விசிறிக் கூண்டிலுள்ள அதன் வாயை அடைக்க மறந்தால், சிலிண்டர்களைக் குளிர்விக்கவேண்டிய காற்று அவ்வழியே வீணாகும். பயணியின் வசதி மட்டும் என்று எண்ணி அகற்றிய ஒன்று எஞ்சினின் நலத்தோடும் பிணைந்திருந்தது அப்போதுதான் புலப்படுகிறது.

மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்விகள் இவ்விடத்தில் பொருள் பெறுகின்றன. அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, ஏர்க்கால் தேராகுமா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, எதுவும் ஆகாது என்று மன்னன் ஒப்புக்கொள்கிறான். இவற்றைச் சார்ந்தே தேர் என்னும் பெயர் வழங்குகிறது என்பது முடிவு. இம்முடிவு சரியானதே. ஆனால் எல்லாச் சார்பும் ஒரே தரத்தன அல்ல. எஞ்சின் எண் பொருந்துவதும் ஒரு சார்புதான், எஞ்சினின் வெப்பம் அமர்ந்திருப்பவரைச் சென்றடைவதும் ஒரு சார்புதான். இரண்டாவதே காரை ஒருவருக்கு உரிய வாகனமாக்குகிறது.

ஸ்போர்ட்ஸ் காரின் சாரம் வேகமே, ஹீட்டர் அதற்கு அயலான சுகம் என்போர் உண்டு. 1973ஆம் ஆண்டின் 911 கரேரா ஆர்எஸ் 2.7இன் எடை குறைந்த வகையில் ஆலையே பின்னிருக்கைகளை நீக்கியது அவர்கள் காட்டும் சான்று. மூடிய பந்தயத் திடலில் சில சுற்றுகள் ஓடும் காருக்கு இவ்வாதம் பொருந்தலாம். எனினும் 911 தன் பெயரை நிலைநாட்டிய களங்களுள் ஒன்று மான்டி கார்லோ ராலி. ஜனவரிக் குளிரில் ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடந்த அப்போட்டியை 1968இல் விக் எல்ஃபோர்டும், அடுத்த இரண்டாண்டுகளில் பியோர்ன் வால்டகார்டும் இக்காரில் வென்றனர். இருவர் விடும் மூச்சில் முன்கண்ணாடி மங்கும் அத்தகைய இரவில் பார்வையில்லாமல் வேகமில்லை. பார்வை, எஞ்சினிலிருந்து வரும் காற்றைச் சார்ந்தது. சாரத்தைப் பிரித்தெடுப்பதாக எண்ணிக் குழாயை வெட்டுபவர், அச்சாரம் எதனால் நிற்கிறதோ அதையே வெட்டுகிறார்.

சார்பு என்பது கலப்பும் அன்று. இறைக்கும் உயிருக்கும் உள்ள உறவை ஒன்றாய், வேறாய், உடனாய் என மூவகையில் விளக்கும் சைவ சித்தாந்தம், அணுக்கமும் வேறுபாடும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்கு நுட்பமான சொற்களைத் தந்திருக்கிறது. ஒப்பிடத்தகாத அளவில் சிறியதாயினும், வெப்பப் பரிமாற்றியிலும் அத்தகைய தேவை ஒன்று உண்டு. மூச்சுக்குரிய காற்றும் கொல்லும் புகையும் ஒரு குழாய்ச் சுவரின் இருபுறமும் உடன் ஓடுகின்றன. அச்சுவரைத் துரு துளைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு அதே வழியில் உள்ளே வரும். உறைமேல் கசிந்து கருகும் எண்ணெய் தன் நாற்றத்தால் எச்சரிக்கும். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே புதிய குழாய்களை எவ்வளவு அழகாக வளைத்துப் பொருத்தினாலும், அதற்குமுன் பரிமாற்றியைக் கழற்றி, அதன் உட்சுவரை வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்தாக வேண்டும்.