விரிசலுக்கு யார் சாட்சி?

கல்யாண வீடுகளில் தலைக்கு மேலே 'உய்ங்' என்று சுற்றுகிறதே ட்ரோன், அதன் உடம்பு பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக். திருகு முடுக்கிய இடத்தில் சில சமயம் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். கீழே விழுந்திருக்காது, எதிலும் மோதியிருக்காது. அச்சில் வார்க்கும்போதே பிளாஸ்டிக்குக்குள் தங்கிவிட்ட இறுக்கம், திருகின் அழுத்தம், மோட்டாரின் அதிர்வு எல்லாம் கூட்டுச் சேர்ந்து செய்கிற வேலை அது. வாரன்ட்டி அட்டையோடு போனால் கவுன்ட்டரில் முதல் கேள்வி:

"கீழே போட்டீங்களா சார்?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி விரிசல் வந்துச்சு?"

அதை வாங்கினவர் எப்படிச் சொல்வார்? என்ன பிளாஸ்டிக், எவ்வளவு முடுக்கினார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. மரத்தில் மோதிவிட்டு, துடைத்து எடுத்து வந்து, "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை" என்கிற ஆசாமிகளையும் அவர் பார்த்திருப்பார். விரிசலுக்கு வாய் கிடையாது. சாட்சியும் கிடையாது. அப்படியானால் நிரூபிக்க வேண்டியது யார்?

இதற்குப் பதில் தேட ஆம்பூர் பக்கம் போகலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோலும் ஷூவும்தான் ஏராளமான பேருக்குச் சோறு போடுகின்றன. ஷூ சோலுக்கு ஒரு சோதனை உண்டு. வேண்டுமென்றே அதில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, மெஷினில் மாட்டி 30,000 தடவை மடக்கி நிமிர்த்துவார்கள். தொழிலாளர்கள் போடுகிற பாதுகாப்பு ஷூ என்றால் அந்த வெட்டு 4 மில்லிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது. இன்னொரு வேடிக்கை: பாலியூரித்தேன் சோல் வைத்த ஷூவைப் போட்டு நடக்கவே வேண்டாம். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும், காற்றின் ஈரம் பட்டே சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரலாம். இதெல்லாம் செய்கிறவருக்குத் தெரியும். வெளிநாட்டு கம்பெனி கேட்டால் ரிப்போர்ட்டும் காட்டுவார்.

நம் ஊரில் ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால்? 2019-ம் ஆண்டு சட்டப்படி, கோளாறு இருப்பது சோதித்தால்தான் தெரியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கான கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார் கொடுத்தவர். ஆக, பெரிய ஆள் வாங்கினால் செய்தவர் நிரூபிக்கிறார். சின்ன ஆள் வாங்கினால் வாங்கினவர் நிரூபிக்கிறார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது? பலம்தான் இருக்கிறது.

இதே தோல் பூமியிலிருந்து வேறொரு நியாயம் நாட்டுக்கே போயிருக்கிறது. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. ஆற்றங்கரைக் குடியானவருடையது அல்ல. யாருக்கு உள்விவகாரம் தெரியுமோ அவர்தான் வாயைத் திறக்க வேண்டும். ஆற்றுக்குச் சொன்னது அடுப்புக்கும் மிக்ஸிக்கும் ட்ரோனுக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

"எல்லாரும் ஏமாத்துவாங்களே சார்" என்பீர்கள். சிலர் ஏமாற்றுவார்கள்தான். விழுந்து உடைந்ததா, தானாக விரிந்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அப்படிப் பார்த்து, காரணத்தை எழுதிக் கொடுத்து மறுக்கட்டும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் வாங்கினவர் பக்கம் சாயட்டும். ஒரு பொய்யனுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு ஓசியில் போகும். அந்தச் செலவு விலையில் ஏறி நம் எல்லோர் தலையிலும் பைசாக் கணக்கில் விழும். விழட்டுமே. ஒரு யோக்கியனைப் பத்துப் பேர் முன்னால் பொய்யனாக்கி அனுப்புவதைவிட அது மலிவு.

வாரன்ட்டியைத் தமிழில் உத்தரவாதம் என்கிறோம். உத்தரம் என்றால் பதில். பதில் சொல்ல வேண்டியவர் வாங்கினவரா, கொடுத்தவரா?