தாய்ப் பறவையின் முறையீடு



ஒரு பிரயாணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகை விரித்துத் தவித்தது. அங்கு வந்த நாயகம் (ஸல்) அவர்கள், அதை வருத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

நம்மில் பலருக்குத் தெரிந்த சிவகங்கைச் சீமையில், திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு சிற்றூர். மழைக்காலத்தில் அவ்வூர்க் கண்மாயில் நத்தைகுத்தி நாரை முதலான பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான் வரும். பறவைகள் மிரளக் கூடாதென்று ஊரார் பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. 1977-ல் அரசாங்கம் அதைச் சரணாலயமாக்கியது. ஆனால் பண்டிகை நாளில் ஆசையை அடக்குவது சட்டமல்ல, ஊராரின் இரக்கம்.

நாயகத்தின் கட்டளையை அறிந்தவர்கள் நாம். அதன்படி நடப்பவர்களோ அவர்கள்!

சகோதரர்களே! தம்போயில் நம் கடையில் நிற்கும் பையனும் ஒரு தாயின் கூட்டிலிருந்து வந்தவனே. சம்பளம் தவணை தவறாமல் கிடைக்கிறதா? பாஸ்போர்ட் அவன் கையில் இருக்கிறதா? தாய்க்கு நோய் என்று சேதி வந்தால், பெருநாள் வியாபாரத்தைக் காட்டி அவனை நிறுத்துகிறோமா, பிரயாணச் செலவு கொடுத்து அனுப்புகிறோமா?

பறவைக்காக அவர்கள் வெடியை விட்டார்கள். மனிதனுக்காக நாம் லாபத்தில் கொஞ்சம் விடலாகாதா?

ஒரு தாயின் முறையீட்டுக்கு ஆளாகாமல் அல்லாஹுத்தஆலா நம்மைக் காப்பானாக. ஆமீன்.